இடது கண்ணின் வெள்ளை

ஐந்து நிமிடம் கண்ணைத் திறக்கக் கூடாது, திறந்தால் மருந்து வழிந்துவிடும் என்று சொல்லிவிட்டு மேகலா அடுக்களைக்குப் போனாள். போகிற வேகத்தில் சொட்டு மருந்தின் மூடி கை தவறிக் கட்டிலுக்கடியில் உருண்டு போன சத்தம் கேட்டது. குனிந்து எடுக்க எனக்கு அனுமதி இல்லை. குனியக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது, பிரஷ்ஷைத் தொடக் கூடாது. கடைசியாக உள்ளது டாக்டர் சொன்னதல்ல, மகளாகச் சேர்த்துக்கொண்டது. ஓசூரிலிருந்து பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள், முப்பத்தாறு வயதில் என்னைவிடக் கண்டிப்பாக இருக்கிறாள், இருக்கட்டும். ஜன்னல் வெயில் முகத்தில் விழுகிறது. மூடிய இமைக்குள் இடது பக்கம் ஒரு நிறம், வலது பக்கம் ஒரு நிறம். இடது பக்கம் அப்போதுதான் வெட்டின பப்பாளி. வலது பக்கம் அதே பப்பாளியை வெட்டி வைத்து மறந்துபோய் மறுநாள் தட்டை எடுத்துப் பார்த்தால் இருக்கிற நிறம். முந்தாநாள்தான் இடது கண்ணில் புரை எடுத்தார்கள், வலது கண்ணுக்கு அடுத்த மாதம் என்றிருக்கிறார்கள், அதுவரைக்கும் எல்லாமே எனக்கு இரண்டிரண்டு. சின்ன வெங்காயம் வதங்குகிறது. சீரகம், பூண்டு, அப்புறம் வறுத்த பருப்பு. அரிசிம்பருப்பு சோறு. பருப்பைக் கொஞ்சம் கூடுதலாகவே வறுத்துவிட்டாள், இங்கிருந்தே தெரிகிறது. அவள் அப்பாவுக்கு அப்படித்தான் பிடிக்கும். பிடிக்குமா, பிடித்ததா. மூன்று வருடம் ஆகியும் இந்த இடத்தில் வந்து நாக்கு தடுக்குகிறது.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். திறக்கிறேன். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்க்கிறேன், வெள்ளை. கையை மாற்றி இடது கண்ணைப் பொத்துகிறேன், டிகாஷன் ஊற்றித் துடைத்த மாதிரி ஒரு பழுப்பு. மறுபடி மாற்றுகிறேன், வெள்ளை. நேற்றுக் காலை கட்டை அவிழ்த்தபோது எதிரே நின்ற நர்ஸின் கோட்டைப் பார்த்துத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன், "கூசுதுங்களாம்மா" என்று கேட்டாள் அந்தப் பெண், கூசவில்லை, இப்படி ஒரு வெள்ளை இருந்ததே மறந்துபோயிருந்தது, சின்ன வயதில் தெரிந்த ஒருத்தி திடீரென்று எதிரே வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது. இந்தச் சுவருக்குப் போன வருடம் பெயிண்ட் அடித்தவரோடு எவ்வளவு சண்டை போட்டேன். வெள்ளைதானே கேட்டேன், சந்தனக் கலரை அடிச்சு வெச்சிருக்கறீங்களே என்றேன். "அம்மா, இது வெள்ளைதானுங்க" என்றார் அவர், டப்பாவைக் கூடக் கொண்டுவந்து காட்டினார். நாப்பது வருசமாக் கலர்லயே கெடக்கறவ நான், எனக்கு வெள்ளை எதுன்னு நீங்க சொல்லித் தர்றீங்களா என்றேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், இன்னொரு கோட் அடித்துவிட்டுப் போனார். அவரை எங்கேயாவது பார்த்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒரு சுவரையே தெரியவில்லை என்றால், அப்படியென்றால் அந்தத் தை மாதம், வேண்டாம், இப்போது அதற்குள் போக வேண்டாம்.

நாற்பது வருடம் என்று சொன்னதில் பொய்யில்லை. டிராயிங்கில் லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் பாஸ் பண்ணிவிட்டு டீச்சர் வேலைக்குக் காத்திருந்த காலத்தில், கரூரில் மேசை விரிப்பும் கைதுடைக்கிற துணியும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் டிசைன் வரைய ஆள் வேண்டும் என்றார்கள், தற்காலிகமாகப் போனவள்தான். பன்னிரண்டு அங்குலச் சதுரத் தாளில் வாட்டர் கலரில் ஒன்று வரைந்து கொடுக்க வேண்டும், அதுதான் துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும், மேல் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட இலை கீழ் ஓரத்தில் மீதியாக முளைக்க வேண்டும், ஒரு நூல் பிசகினாலும் விரிப்பு முழுக்க வாய் கோணிவிடும். மற்றவர்கள் வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து ரோஜாவும் திராட்சையும் வரைந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அந்தத் திராட்சை கைக்கு வரவில்லை, நான் பாவக்காயை வட்ட வட்டமாக அரிந்து வைத்து வரைந்தேன், ஓரமெல்லாம் நெளிநெளியாக, நடுவில் சிவந்த விதை, சுற்றிலும் கொடியின் சுருள். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "யாராச்சும் பாவக்காயை விரிச்சுப் போட்டு அதுமேல சோறு திம்பாங்களாம்மா?" என்றார். ஆனால் எங்கோ குளிர் தேசத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்துவைத்து இது என்ன பூ என்று கேட்டாள். மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். "இந்தப் பக்கம் காட்டுல பூக்கற பூவுங்க" என்றார் அவர். மூன்று வருடம் ஓடியது அந்த டிசைன். இதைச் சொன்ன அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது, எங்களுக்குக் கல்யாணம் ஆகி நாலு மாதம், அவ்வளவு சத்தமாகச் சிரிக்கிற ஆள் என்று எனக்கு அன்றுதான் தெரியும். பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் சீட் தைக்கிறவர். ரெக்சினில் வைரக் கட்டம் தைப்பார், மேலே வந்து மனிதர்கள் உட்கார்ந்து மறைத்துவிடுகிற டிசைன், அதையும் கோணாமல் தைப்பார். விரலெல்லாம் பசை வாசனை. நீயாச்சும் சோத்துக்கு அடியில விரிக்கறதுக்கு வரையறே அம்மிணி, நான் எதுக்கு அடியில விரிக்கறதுக்குத் தைக்கறேன் பாரு என்பார்.

வீட்டுக்குப் பின்னால் இருபதடிக்குப் பதினைந்தடி இடம். அதற்குள் ஒரு சுரைப் பந்தல், வேலியில் அவரை, நாலு பாத்தி கத்தரி, மூலையில் எலுமிச்சை. ஞாயிற்றுக்கிழமைகளில் பறித்ததைத் துண்டில் கட்டிக்கொண்டு வந்து மேசை மேல் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். "வரையோணுமா, அரியலாமா?" வரையோணுமுங்க, ஒரு அரை மணி நேரம் என்பேன், அந்த அரை மணி நேரம் எப்போது முடிந்திருக்கிறது. கத்தரிக்காயின் வயிற்றில் ஊதாவும் பச்சையும் ஒன்றோடொன்று ஓடுகிற இடத்தில் தாள் ஈரமாக இருக்கும்போதே இரண்டு நிறத்தையும் விட்டுவிட வேண்டும், அவையாகப் போய்ச் சேர்ந்துகொள்ளும், நாம் போய்ச் சேர்த்து வைத்தால் சேறாகிவிடும். அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி தட்டைத் திருப்பித் திருப்பி வைப்பார். பசிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு தடவை பச்சைப்புளி ரசத்தை வரைய ஆசைப்பட்டுக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தேன், கரைத்த புளித் தண்ணீர், மிதக்கிற வெங்காயம், கிள்ளிப் போட்ட பச்சை மிளகாய், அடியில் வெல்லம் கரைந்துகொண்டிருக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் அடர்த்தி. தண்ணீரில் கலந்த நிறத்தை வைத்துத் தண்ணீரில் கலந்த நிறத்தையே வரைகிற வேலை, மூன்று தாள் கிழித்தேன், நாலாவதில் வந்தது. மணி மூன்றரை. மேகலா அப்போது இரண்டாவது படிக்கிறாள், மேசைக்கடியில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் படம் வேண்டாம், சோறு போடு என்று அழுதாள். அவளைச் சமாதானம் செய்ய எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, இதில் பதினொரு மஞ்சள் இருக்குது, கண்டுபிடி பார்க்கலாம் என்றேன். காம்புப் பக்கம் பச்சை ஓடுகிற மஞ்சள், தோலின் குழிக்குள் இருக்கிற மஞ்சள், மேசையின் நிழல் பட்ட மஞ்சள், ஒவ்வொன்றாகக் காட்டினேன். நாலு வரைக்கும் எண்ணினாள். அதற்கப்புறம் "ஊறுகாய்க்கு எத்தன மஞ்சள்ம்மா வேணும்?" என்றாள். அவர் மறுபடியும் சிரித்தார். பதினொன்று. எதற்காகப் பதினொன்று என்று சொன்னேனோ, பத்து என்று சொல்லியிருக்கலாம், அந்தக் கணக்கு அவளுக்கு மறந்தாவது போயிருக்கும்.

அந்தத் தை மாதம் என்று சொல்லாமல் எவ்வளவு தூரம் சுற்றினாலும் அங்கேதான் கொண்டுவந்து விடுகிறது. வேலையிலிருந்து நின்று சில வருடம் ஆகியிருந்தது, அவ்வப்போது வெளியிலிருந்து வரைந்து கொடுத்துக்கொண்டிருந்ததும் குறைந்துபோயிருந்தது. கம்பெனிக்குப் புதிதாக வந்த பையன், நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்க ஆன்ட்டி என்று ஒன்றிரண்டைத் திருப்பி அனுப்பினான், எனக்குக் கோபம். அப்புறம் திடீரென்று ஒரு ஆர்டர் வந்தது, பன்னிரண்டு டிசைன், எல்லாம் எலுமிச்சை, எலுமிச்சைப் பூ, இலை, கிளை, வெட்டின துண்டு. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் மேசையிலேயே கிடந்தேன். அவர் வழக்கம்போல எதிரே உட்கார்ந்திருந்தார். பொங்கலுக்கு வந்த மேகலா ஊருக்குப் போன மறுநாள், "எம்பட மூஞ்சிய ஒருக்கா வரையேன் அம்மிணி. காய்கறியெல்லாந்தான் வரஞ்சு முடிச்சுட்டியே" என்றார். முப்பத்தைந்து வருடத்தில் கேட்காதவர் கேட்கிறாரே என்று அன்றைக்கு எலுமிச்சையை ஓரம் கட்டிவிட்டு அவரைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து வரைந்தேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்து, மாசி பிறக்கிற சமயம், பின்பக்கக் கேட்டில் கீரை கொடுக்கிற அம்மாள் கட்டை நீட்டிக்கொண்டே எனக்குப் பின்னால் பார்த்துச் சொன்னாள். "ஏனுங்க்கா, அண்ணனுக்குக் கண்ணு ரெண்டும் மஞ்சளாட்ட இருக்குதுங்களே, பாக்கலீங்களா?" நான் திரும்பினேன். அவரைக் கொடியை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கையில் கீரைக் கட்டோடு போய் அவர் தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தேன், பார்த்தேன், நல்ல வெயில், கிட்டத்தில் வைத்துத்தான் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்போதும் போலத்தான் இருந்தது. அந்தம்மாளுக்கு வேற வேலையில்லீங்க என்றேன். அவர் "ம்" என்றார். மறுநாள் வந்தவள் விடவில்லை, கூடையை இறக்கி வைத்துவிட்டு, எங்க மாமனுக்கு இப்படித்தானுங்க்கா இருந்துச்சு, கூட்டிட்டுப் போங்க்கா என்றாள். போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கோயமுத்தூருக்குப் போகச் சொன்னார்கள், கணையம் என்று ஒன்று உடம்பில் இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். "நாச்சிமுத்து கூட வந்தவங்க யாருங்க?" என்று கூப்பிட்டு, மஞ்சள் வந்து மூணு வாரத்துக்கு மேலயே இருக்கும், கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். இன்னொரு டாக்டர், மூணு வாரம் எதையும் மாத்தியிருக்காதுங்கம்மா என்றார், அவர் சொன்னதுதான் உண்மையாக இருக்கும், ஆனால் எனக்குள் தங்கிப்போனது முதல் டாக்டரின் கொஞ்சம்தான். வெளியே வராந்தாவில் மேகலா ஓசூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கினாள், தோளில் பை, உட்காரக்கூட இல்லை. நீ படம் வரையறவதானேம்மா என்றாள். எலுமிச்சம்பழத்துல பதினொரு மஞ்சள்னு எனக்கு எண்ணிக் காட்டினவதானே. உனக்குக் கூடவா தெரியல? அவ்வளவுதான் கேட்டாள். அதற்கப்புறம் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. வைகாசியில் அவர் போனார், காரியம் நடந்தது, வருடம் திரும்பியது, மேகலா வாரம் தவறாமல் போன் பண்ணுகிறாள், தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிறாள், சண்டை என்று ஒன்றும் இல்லை. ஆனால் பேச்சுக்கு நடுவே கொஞ்சம் சத்தம் நின்றாலும் அந்த வராந்தா வந்துவிடுகிறது. உனக்குக் கூடவா.

நேற்று டாக்டர் சொன்னார், எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். இது ஒரு வருசம் ரெண்டு வருசத்துல வந்த புரை இல்லீங்கம்மா, அஞ்சாறு வருசமா வளர்ந்திருக்கு, மஞ்சக் கண்ணாடி போட்டுட்டுப் பாத்த மாதிரிதான் பாத்துட்டிருந்திருப்பீங்க, மெதுவா வர்றதால தெரியாது. மேகலா பக்கத்தில் நின்று மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த நாற்காலியிலேயே விரல் விட்டு எண்ணத் தோன்றியது. அஞ்சாறு வருடம். தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது. அது கண்ணின் குற்றம், என் குற்றமில்லை. ராத்திரி தூங்கி எழுந்ததிலிருந்து இதை எப்படி அவளிடம் சொல்வது என்று வாக்கியத்தை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பாரு கண்ணு, எனக்குக் கண்ணே அப்படித்தான் இருந்திருக்குது. இல்லை, இது கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது. டாக்டர் சொன்னதக் கேட்டியா மேகலா. இது குத்துகிற மாதிரி இருக்கிறது. எப்படிச் சொன்னாலும் "சரிம்மா" என்பாள், அந்தச் சரிம்மாவை நினைத்தால்தான் பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. கண் மறைத்தது என்றால் எல்லாவற்றையும் மறைத்திருக்க வேண்டுமே, எலுமிச்சையில் பூவுக்கும் காய்க்கும் நடுவே இருக்கிற வித்தியாசத்தை வைத்துப் பன்னிரண்டு டிசைன் எப்படிப் போட்டேன். பார்க்க வேண்டும். அந்தப் படத்தை இந்தக் கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடும். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அடுக்களையில் கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பீரோவின் மேல் தட்டு, குனிய வேண்டியதில்லை, துணிப்பையில் சுற்றி வைத்த பழைய ஃபைல். மூன்று வருடமாக அவிழ்க்கவில்லை. முடிச்சு இறுகிப் போயிருந்தது, பல்லால் இழுத்து அவிழ்த்தேன்.

படத்தை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டு ஒரு கை நீளம் தள்ளி நின்றேன், புதுக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்தால் மங்கல். முதலில் பழைய வலது கண்ணால் பார்த்தேன். நான் வரைந்த அதே படம், பிரம்பு நாற்காலி, தோளில் துண்டு, பின்னால் சுரைக் கொடியின் சுருள், எல்லாவற்றின் மேலும் ஒரே சாயங்காலம். நன்றாகத்தான் இருந்தது. கையை மாற்றினேன். சட்டையின் மடிப்பெல்லாம் நீலம், காலர் நிழல் நீலம், நரைத்த தலை நீலம், ஐயோ, அந்தப் பையன் சொன்னது சரிதான், வாரி இறைத்திருக்கிறேன். அப்புறம் கண்கள். அவருடைய இரண்டு கண்ணிலும் வெள்ளை இருக்க வேண்டிய இடம் சுத்தமான வெள்ளையாக இருந்தது. மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை, ஒன்றுமே இல்லை, வெறும் தாள். கட்டிலில் உட்கார்ந்தேன். வாட்டர் கலரில் வெள்ளை என்று ஒரு பெயிண்ட் நான் வைத்துக்கொள்வதில்லை, வெள்ளை வேண்டிய இடத்தில் பிரஷ் போகாமல் விட்டுவிட வேண்டும், தாள்தான் வெள்ளை. சோற்றுக்கும் அப்படித்தான், தேங்காய்க்கும் அப்படித்தான், கத்தரிக்காயின் மினுக்கத்துக்கும் அப்படித்தான், கண்ணுக்கும் அப்படித்தான். விடுகிற இடத்தை யாரும் பார்ப்பதில்லை, கை தானாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். அரை மணி நேரம் அவர் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மூக்கைப் பார்த்தேன், கன்னத்துச் சுருக்கத்தைப் பார்த்தேன், சட்டையின் நிழலைப் பார்த்தேன், கண்ணின் வெள்ளையைப் பார்க்கவே இல்லை. புரை இருந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இடத்தை அப்படித்தான் விட்டிருப்பேன். இதைப் போய் மேகலாவிடம் எப்படிச் சொல்வது. கீரைக் கட்டோடு நின்று பார்த்தபோது கண் மறைத்தது, சரி. ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்னால், பார்க்கச் சொல்லி அவராகவே வந்து உட்கார்ந்தபோது மறைத்தது கண்ணா. ஒருவேளை பார்க்கட்டும் என்றுதான் உட்கார்ந்தாரோ. அந்த நினைப்பு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது, அதற்கு அந்தப் பக்கம் போக முடியவில்லை.

"என்னம்மா பண்றே? குனிஞ்சியா?"

மேகலா கதவருகே நின்றாள், கையில் கரண்டி, ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட கருப்புக் கண்ணாடியை நான் கழற்றிப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"குனியல. நின்னுட்டேதான் எடுத்தேன்."

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அந்தப் படத்தை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை, நான் காட்டியதில்லை. மெதுவாக வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இது எப்ப வரஞ்சது?"

"பொங்கலுக்கு வந்துட்டு நீ ஊருக்குப் போனியே, அதுக்கு மறுநாள்."

அடுக்கி வைத்திருந்த வாக்கியமெல்லாம் கலைந்துபோய் ஏதோ ஒன்று வாயில் வந்தது. "மேகலா, எனக்கு அப்ப மஞ்சள் தெரியல. நேத்து டாக்டர் சொன்னாரே, அஞ்சாறு வருசமா... ஆனா அது மட்டும் இல்ல கண்ணு. நான் சரியாப் பாக்கவும் இல்ல. இந்தப் படத்துல பாரு, கண்ணை நான் பாக்கவே இல்ல. அன்னிக்கு ஆஸ்பத்திரில நீ கேட்டது சரிதான்."

"ம்மா, போதும்."

"இல்ல, நான் சொல்லோணும்."

"நான் பாத்தேம்மா."

"எதை?"

"அப்பா கண்ணை." கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொங்கலுக்கு வந்தப்பவே பாத்தேன். என்னைய வண்டில கூட்டிட்டு வந்து பஸ் ஏத்தி விட்டாங்கல்ல, அங்க டீக்கடை முன்னாடி நின்னுட்டிருந்தோம். நல்ல வெயில். மஞ்சளா இருந்துச்சு. என்னப்பா இதுன்னு கேட்டேன். சூடு சாமி, ரெண்டு நாளைக்கு எளநி குடிச்சாச் சரியாப் போகும்னாங்க. உங்கம்மாகிட்டச் சொல்லி வெக்காத, ரொம்ப நாளைக்கப்பறம் ஒரு ஆர்டர் வந்து ஆசையா உக்காந்திருக்கறா, அதப் போட்டுட்டு என்னைய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டு ஓடுவான்னாங்க."

படத்திலிருந்த கண்ணைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் சரின்னுட்டுப் பஸ் ஏறிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுப் போன்ல கேட்டேன், சரியாப் போச்சுன்னாங்க. அப்பறம் வேலைல மறந்துட்டேன். எந்தத் தைரியத்துல மறந்தேன் தெரியுமா? நீ தெனமும் எதுத்தாப்புல உக்காந்திருக்கறவ. பதினொன்னு எண்ணறவ. நான் சொல்லலைன்னாலும் எப்படியும் நீ பாத்துருவேன்னு நெனச்சேன். அதாம்மா அப்படிக் கேட்டேன். உன்னையத் திட்டறதுக்குக் கேக்கல. நீயும் பாக்கலைன்னா அப்ப நான் ஒருத்திதானே..."

மூன்று வருடம். மூன்று வருடமாக நான் ஒரு பக்கமும் இவள் ஒரு பக்கமும் அதே வராந்தாவில் நின்றுகொண்டிருந்திருக்கிறோம். எனக்கு முதலில் வந்தது அவர் மேல் கோபம்தான், சொல்லவே முடியாத கோபம். கள்ளன். எல்லாம் தெரிந்துகொண்டே எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறார். தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பிய அன்றைக்கு, ஒன்றுமில்லை என்று நான் சொன்னதும், ம் என்றாரே, அந்த ம்முக்குள் என்ன இருந்தது. தப்பித்தோம் என்று இருந்ததா, இவளுக்குத் தெரியவில்லையே என்று இருந்ததா, மிச்சம் நாலு எலுமிச்சை டிசைனையும் முடித்துக்கொள்ளட்டும் என்று இருந்ததா. எனக்காக என்று நினைத்தால் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிப்பதற்கு ஆள் இல்லை, தாளில்தான் இருக்கிறார், நீலச் சட்டை போட்டுக்கொண்டு. கண்ணிலிருந்து மருந்தா தண்ணீரா தெரியவில்லை, வழிந்தது.

"அழாதம்மா, கண்ணுல தண்ணி பட்டரக்கூடாது" என்றாள் மேகலா, அழுதுகொண்டே.

"நீ அழுதுட்டு என்னையச் சொல்றே."

அவள் முகத்தைத் துடைத்தாள், கையில் வெங்காயம் நறுக்கின எரிச்சல் இருந்திருக்கும், இன்னும் மோசமாயிற்று. குனிந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இவளை இப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று. பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் எந்தக் கண்ணால் பார்த்தேன்.

"எந்திரி. ஜன்னல்கிட்ட வா" என்றேன்.

"எதுக்கு?"

"வா, சொல்றேன்."

வந்தாள். படத்தை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு அவளை வெளிச்சத்தில் நிறுத்தினேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கையால் தாடையை நிமிர்த்திப் பிடித்தேன். காதோரம் ஏழெட்டு நரை, எனக்குத் தெரியாது. புருவத்துக்கு மேலே ஊஞ்சலில் இருந்து விழுந்த தழும்பு, அது இன்னும் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது, மாநிறத்துக்கு அடியில் ஊதா ஓடினால் வருகிற கருப்பு, ஒரு நாள் தூக்கம் கெட்டால் இது வராது, வருடக்கணக்கில் வந்திருக்க வேண்டும். கண்ணின் வெள்ளையில் சிவப்பு நூல் நூலாக ஓடியிருந்தது. நூலுக்கு நூல் நடுவே பார்த்தேன். அவசரப்படாமல், ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் பார்த்தேன். மோரின் மேல் தெளிந்து நிற்கிற தண்ணீர் போல ஒரு துளி நீலம் கலந்த வெள்ளை. கீழ் இமையைக் கட்டை விரலால் இழுத்துப் பார்த்தேன்.

"என்னம்மா பாக்கறே?"

"வெள்ளையாத்தான் இருக்குது. ஆனா உள்ள வெளுத்திருக்குது, சிவப்பே இல்ல. ரத்தம் கம்மியா இருக்குமாட்ட இருக்குது. நாளைக்குப் போயி டெஸ்ட் எடுத்துட்டு வந்துரு."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா."

"உங்கப்பனும் அதத்தான் சொன்னாரு."

"சரி, எடுக்கறேன்" என்றாள். அதற்குள் அடுக்களையிலிருந்து கருகுகிற வாசனை வந்தது, சோறு அடி பிடிக்கிறது. திடுக்கிட்டு, "ம்மா, அடுப்பு" என்று விலகப் பார்த்தாள். நான் தாடையை விடவில்லை. இன்னொரு கண் பாக்கி இருந்தது.

"கருகினாக் கருகட்டும்" என்றேன். "நகராத கண்ணு."